வலது பொத்தான்

திண்டிவனம் மேம்பாலத்துக்குக் கீழே கட்டியிருந்த அந்தப் பேனரை நீங்கள் பார்க்கவில்லை என்றால், அந்த மே மாதம் நீங்கள் தமிழ்நாட்டிலேயே இல்லை என்று அர்த்தம். நீளத்தில் ஒரு கல்யாண மண்டபம், உயரத்தில் ஒரு புளியமரம். பாண்டிச்சேரி போகிற பஸ்களெல்லாம் அதன் நிழலில் நின்று இன்ஜினை ஆறப்போட்டுவிட்டுத்தான் கிளம்பின. நடுவில் கலைப்பிரியாவின் முகம். இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு நடந்துபோகிற ஆள் மூக்கருகே உட்கார்ந்து ஒரு டீ குடித்துவிட்டுத்தான் மேலே நடக்க வேண்டும். தலையில் தங்கக் கிரீடம். பக்கத்தில் ஒரு சிங்கம். அது எதற்கு என்று கேட்டவர்களுக்கு இதுவரை பதில் கிடைக்கவில்லை.

மேலே தீப்பற்றி எரிகிற எழுத்தில், 'ஓமந்தூர் ஈன்ற கணினி அரசி! கம்ப்யூட்டர் சயின்ஸில் செண்டம்! நூற்றுக்கு நூறு!' என்று போட்டிருந்தது. கீழே மூலையில், கறுப்புக் கண்ணாடியோடு கைகூப்பிக்கொண்டிருந்தவன் அவளுடைய தாய்மாமன் வல்லரசு.

வல்லரசுக்குத் தொழில் குட்டியானை லோடு வண்டி ஓட்டுவது. உயிர் மட்டும் பேனரில். காதுகுத்துக்குப் போட்டான், மஞ்சள் நீருக்குப் போட்டான், வீட்டுப் பசு இரட்டைக் கன்று போட்டதற்கும் போட்டான். அந்தப் பசுவுக்கும் கிரீடம் உண்டு. அப்படிப்பட்டவனுடைய அக்கா மகள் பிளஸ் டூவில் செண்டம் வாங்கினால் சும்மா இருப்பானா? ரிசல்ட் வந்த அன்றே, அவள் நுழைவுத் தேர்வு விண்ணப்பத்துக்காக ஸ்டுடியோவில் எடுத்த போட்டோவை அக்கா அம்சாவிடமிருந்து வாங்கிக்கொண்டு ஓடிவிட்டான்.

ஊரே அண்ணாந்து பார்த்த அந்தப் பேனரைப் பார்க்க முடியாதவள் ஒருத்திதான். மாமாவின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து மேம்பாலத்தைக் கடக்கும்போதெல்லாம், கலைப்பிரியா துப்பட்டாவால் முகத்தைப் போர்த்திக்கொண்டு கண்ணை இறுக மூடிக்கொள்வாள். வெயில் என்று மாமா நினைத்துக்கொண்டான். அடக்கம் என்று அம்சா நினைத்துக்கொண்டாள்.

விஷயம் இவ்வளவுதான். கணினி அரசி தன் வாழ்நாளில் மவுஸைக் கையால் தொட்டதில்லை.

பொய்யில்லை, அவள் படித்த பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் லேப் இருந்தது. கோயில் கர்ப்பகிரகத்துக்குக்கூட அவ்வளவு கட்டுப்பாடு கிடையாது. செருப்பை வாசலில் விட வேண்டும். மூச்சை அடக்க வேண்டும். பிளாஸ்டிக் உறைக்குள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டர்களை ஆயுத பூஜை அன்று மட்டும் திறந்து, திரைக்குச் சந்தனம், கீபோர்டுக்குக் குங்குமம், மவுஸுக்கு ஒற்றைச் சாமந்திப்பூ வைத்து, பொரி கடலை படைத்து, மறுபடி மூடிவிடுவார்கள். வேலை செய்கிற ஒரே மிஷினைப் பாண்டுரங்கன் சார் இயக்குவார். பிள்ளைகள் சுவரோரம் நின்று தரிசனம் பண்ணுவார்கள். "யாரும் கிட்ட வராதீங்கப்பா. ஒன்னு கெட்டுப்போச்சுன்னா நான்தான் பதில் சொல்லணும்" என்பார். செய்முறைத் தேர்வில் பிள்ளைகள் புரோகிராமைத் தாளில் எழுதினார்கள், சார் தட்டிக் காட்டினார். எல்லாருக்கும் முழு மார்க்கு.

மிச்சத்தைக் கலைப்பிரியா மனப்பாடத்தில் வாங்கினாள். சுட்டி என்றால் என்ன, அதன் வகைகள் யாவை, படம் வரைந்து பாகம் குறி. அவள் வரைந்த மவுஸ் படத்தில் பென்சில் நிழல்கூட அத்தனை அழகாக விழுந்திருந்தது. அந்த விடைத்தாளை ஏதாவது கண்காட்சியில் வைத்திருக்கலாம்.

இப்படியே இருந்திருந்தால் ஒன்றும் கெட்டிருக்காது. அவளுக்குப் பாண்டிச்சேரி காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படிக்க ஆசை. அதற்கு நுழைவுத் தேர்வு. போன வருஷம் அடுத்த தெரு வெண்ணிலா அதே தேர்வைப் பேப்பரில்தான் எழுதினாள். கறுப்புப் பேனாவால் வட்டத்துக்கு மை அடைத்துவிட்டு வந்தாள். இந்த வருஷம் எல்லாமே கம்ப்யூட்டர் என்று அறிவித்துவிட்டார்கள். அதைப் படித்த அன்று கலைப்பிரியாவுக்குச் சோறு இறங்கவில்லை.

"இதுக்குப் போய் ஏன்டி மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு இருக்கற? கம்ப்யூட்டர்ல பரீட்சைன்னா உனக்கு அல்வா துன்ற மாரி" என்றாள் அம்சா.

அப்பா முருகையன் மல்லாட்டைக் கொடியை, அதாவது வேர்க்கடலைக் கொடியை, களத்தில் போட்டுவிட்டு வந்து ஒரே வார்த்தையில் முடித்தார். "எடம் கெடச்சா காலாப்பட்டு. கெடைக்கலன்னா உங்க மாமன் சொல்ற மாரி கம்ப்யூட்டர் இன்ஜினீயரிங். செண்டத்த வச்சிக்கினு வேற இன்னா படிப்ப?"

கேட்டீர்களா? தோற்றால் நாலு வருஷம் கம்ப்யூட்டர் முன்னாலேயே உட்கார வேண்டும். தினம் தினம் மாட்டிக்கொள்ள வேண்டும். இதைவிட ஒரு தண்டனையை எமனாலும் யோசித்திருக்க முடியாது.

திண்டிவனத்தில் பிரவுசிங் சென்டர் இல்லையா, போய்ப் பழகியிருக்கலாமே என்று கேட்கலாம். போனாள். வாசல்படி ஏறியதுமே கடைக்காரர் சீனுவாசன் எழுந்து நின்று, "அடடே, பேனர் பொண்ணு! வாம்மா, நீயே பாரு, இந்தப் பிரிண்டர் ரெண்டு நாளா மக்கர் பண்ணுது, இன்னான்னே தெர்ல" என்று அவளை மிஷின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். பிரிண்டரைச் சுற்றி ஒரு முறை வந்தாள். தலையை ஆட்டினாள். "கம்பெனிக்குத்தான் எடுத்துக்கினு போவணும்" என்று சொல்லிவிட்டு இறங்கி ஓடிவந்தவள்தான், அந்தத் தெருப் பக்கமே திரும்பவில்லை. மாதிரித் தேர்வையெல்லாம் அம்மாவின் போனில் எழுதிப் பார்த்தாள். விரலால் தொட்டால் விடை விழுந்தது. அவ்வளவுதான் பயிற்சி.

தேர்வு மையம் விழுப்புரத்தில், பைபாஸ் ஓரம் ஒரு கல்லூரி. வாசலிலேயே வரிசை ரோட்டைத் தொட்டது. வெயில் அப்படிக் காய்ந்தது. வரிசையில் நின்றவர்கள் தலையில் தோசைக்கல்லை வைத்திருந்தால் ஊருக்கே டிபன் ஆகியிருக்கும். கலைப்பிரியாவுக்கு முன்னால் நின்ற பெண், கோட்டகுப்பத்திலிருந்து வந்த முஸ்கான். கை நிறைய மருதாணி, வாய் நிறையப் பேச்சு.

"நீ இன்னா குரூப்பு?" என்று திரும்பிக் கேட்டாள்.

கலைப்பிரியா வாயைத் திறப்பதற்குள் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்ற வல்லரசு முந்திக்கொண்டான். "கம்ப்யூட்டர் சயின்ஸ்மா! செண்டம்! திண்டிவனத்துல பேனர் பாக்கல? இரு, போன்ல காட்டறேன்." காட்டினான். சிங்கத்தோடு காட்டினான்.

முஸ்கானின் கண் விரிந்தது. "யம்மா! அப்ப உனக்கு இன்னா கவல? நான் பயாலஜி. கரப்பான்பூச்சிய அறுன்னா அறுத்துடுவேன். மவுஸத் தொட்டதே இல்ல. எங்கண்ணன் முஆத் துபாய்லருந்து வீடியோ கால்ல காட்டுனான். பாக்க சோப்பு மாரி இருந்துச்சு." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஏ, அத்த எப்டிப் புடிக்கணும்னு கொஞ்சம் சொல்லேன்."

எனக்கும் தெரியாது. இந்த இரண்டு வார்த்தை கலைப்பிரியாவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் மாமா அங்கேயே நின்றான், கையில் போன், போனில் கிரீடம். பக்கத்தில் முஸ்கானின் அத்தா அப்துல் மாலிக், குவைத்திலிருந்து லீவில் வந்தவர், வெள்ளைச் சட்டையும் வியர்வையுமாக நின்று, "சொல்லிக் குடும்மா, புண்ணியமாப் போவும்" என்றார்.

"சுட்டி என்பது ஒரு உள்ளீட்டுச் சாதனம்" என்று ஆரம்பித்தாள் கலைப்பிரியா.

"அதெல்லாம் வுடு. பதில எப்டிக் குத்தறது? மேல ரெண்டு பொத்தான் இருக்குதாமே, எதுன்னு அண்ணன்கிட்ட கேக்க மறந்துட்டேன்."

கலைப்பிரியாவின் தலைக்குள் கைடின் பக்கங்கள் புரண்டன. 'வலது கிளிக் செய்தால் ஒரு பட்டியல் தோன்றும். அதிலிருந்து தேவையானதைத் தேர்ந்தெடுக்கலாம்.' நிச்சயம் வரும் என்று பாண்டுரங்கன் சார் நட்சத்திரம் போட்டுக் கொடுத்த கேள்வி. இடது பொத்தானுக்கு நட்சத்திரம் இல்லாததால் அவள் அதைப் படிக்கவே இல்லை. நாலு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுப்பதுதானே? மேலும், திருநீறு வாங்குவது வலது கை, சாப்பிடுவது வலது கை, புது வீட்டில் எடுத்து வைப்பது வலது கால். இத்தனை பெரிய விஞ்ஞானிகள் கண்டுபிடித்த மிஷினில் போயும் போயும் இடது பக்கத்தையா வைத்திருப்பார்கள்?

"வலது" என்றாள், அடித்துப் பேசுகிற குரலில்.

"நானும் அதான் நெனச்சேன்! எங்க வூட்லயும் நல்லது எல்லாத்துக்கும் வலதுதான்" என்று முஸ்கான் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

ஹாலுக்குள் ஏ.சி. ஓடியது. வெளியே வறுபட்டவர்கள் உள்ளே உறைந்தார்கள். வரிசை வரிசையாகக் கம்ப்யூட்டர்கள், நடுநடுவே சின்னச் சின்னப் பலகைத் தடுப்புகள். கலைப்பிரியாவுக்கு அடுத்த இருக்கை முஸ்கானுக்கு. மேற்பார்வைக்கு வந்திருந்தவர் இளவரசி மேடம், அந்தக் கல்லூரியில் ஆசிரியை. கூட ஒரு உதவியாளரை வைத்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் நுழைவு எண்ணும் கடவுச்சொல்லும் போட்டுத் திரையைத் திறந்துவிட்டுக்கொண்டே வந்தார்.

கலைப்பிரியாவின் திரை திறந்ததும் மூலையில் அவள் போட்டோ வந்து நின்றது. மேடம் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி அதைப் பார்த்தார்.

"ஏய்! நீ அந்தச் சிங்கத்துப் பொண்ணு இல்ல? தெனம் திண்டிவனத்துலருந்துதான் பஸ் ஏறி வர்றேன், தெனம் உன்னப் பாத்துட்டுத்தான் வர்றேன்." ஹாலைத் திரும்பிப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "எல்லாரும் பாத்துக்கங்க, கம்ப்யூட்டர் சயின்ஸ்ல செண்டம். உனக்கு என்னம்மா, ஊதித் தள்ளிட்டுப் போயிடுவ."

அத்தனை தலையும் திரும்பியது. கலைப்பிரியா சிரித்தாள். அந்தச் சிரிப்பை எங்கேயிருந்து எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது.

மேடம் முன்னால் போய் நின்று சட்டம் சொன்னார். "கேள்வியில சந்தேகம்னா என்னைக் கூப்பிடாதீங்க. மிஷின்ல சந்தேகம்னா கூப்பிடுங்க. பக்கத்துல பேசினா ரெண்டு பேரையும் வெளியே அனுப்பிடுவேன். இப்பவே கேட்டுடறேன், மவுஸ் பழக்கமில்லாதவங்க யாராவது இருக்கீங்களா? வெக்கப்படாம கையத் தூக்குங்க, காட்டித் தர்றேன்."

ஒரு கையும் எழவில்லை. இல்லை, ஒரு கை எழுந்தது. மருதாணிக் கை. தோள்வரை எழுந்தது. பிறகு முஸ்கான் திரும்பிக் கலைப்பிரியாவைப் பார்த்தாள். எனக்குத்தான் அரசியே சொல்லிக் கொடுத்துவிட்டாளே என்கிற மாதிரி ஒரு சிரிப்பு. எழுந்த கை துப்பட்டாவைச் சரிசெய்துவிட்டுக் கீழே இறங்கிவிட்டது.

கலைப்பிரியா தன் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். தானாக எழுந்துவிடுமோ என்ற பயம்.

கடிகாரம் ஓட ஆரம்பித்தது. குறிப்பெழுதக் கொடுத்த தாளில் பிள்ளையார் சுழி போட்டாள். மவுஸைத் தொட்டாள். அது நழுவியது. திரையில் அம்பு கொசு மாதிரி பறந்தது. முதல் கேள்விக்கு விடை அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும். அம்பை அந்த விடைக்கு ஓட்டிக்கொண்டு போனாள். பாதி வழியிலேயே மவுஸ் மேஜை ஓரத்துக்கு வந்துவிட்டது. இனி எங்கே போவது? மேஜை போதவில்லை! இந்தக் கல்லூரிக்காரர்கள் இன்னும் நீளமான மேஜை வாங்கியிருக்கக் கூடாதா? தடுப்புப் பலகையோடு வைத்துத் தள்ளினாள். பலகைதான் ஆடியது. கடைசியில் மவுஸைத் தூக்கி இந்தப் பக்கம் வைத்துவிட்டு மறுபடி தள்ளலாம் என்பது, சந்திரனில் கால் வைத்தவனுக்குக்கூட வராத பரவசத்தோடு அவளுக்குப் பிடிபட்டது.

அம்பு விடைக்கு வந்தது. வலது பொத்தானை அழுத்தினாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

இன்னும் பலமாக அழுத்தினாள். கண்ணை மூடி மயிலம் முருகனை வேண்டிக்கொண்டு அழுத்தினாள். இரண்டாம் கேள்விக்கும் போக வழியில்லை. நெற்றியில் வியர்வை, ஏ.சி. ஹாலில், ஐஸ் பெட்டிக்குள் உட்கார்ந்து வேர்ப்பவளைப் போல வேர்த்தாள். கையை உயர்த்தினால் போதும். மேடம் வருவார். "என்ன அரசி?" என்பார். அந்த 'அரசி'யை நினைத்ததும் கை கல்லாகிவிட்டது.

வலது உள்ளங்கை ஈரமாகி வழுக்கியது. துப்பட்டாவில் துடைக்க எடுத்தாள். மவுஸ் ஓடிவிடாமலிருக்க இடது கையால் அமுக்கிப் பிடித்தாள். அந்தக் கையின் ஏதோ ஒரு விரல் எங்கேயோ பட்டது. டக். திரையில் வட்டத்துக்குள் புள்ளி விழுந்தது.

கலைப்பிரியா திரையைப் பார்த்தாள். விரலைப் பார்த்தாள். இடது கை, இடது பொத்தான். மெதுவாக இன்னொரு முறை அழுத்திப் பார்த்தாள். அடுத்த விடைக்குப் புள்ளி தாவியது. இவ்வளவுதானா!

அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. கேள்விகள் வெள்ளத்தில் பூசணிக்காய் மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக மிதந்து வந்தன, அவள் கொத்திக் கொத்தி எடுத்தாள். சந்தோஷத்தில் கழுத்தை இந்தப் பக்கம் சாய்த்தபோதுதான் தடுப்புக்கு அப்பால் அந்த விரல் கண்ணில் பட்டது.

முஸ்கானின் முகம் தெரியவில்லை, திரை தெரியவில்லை. மருதாணி வைத்த நடுவிரல் ஒன்றுதான் தெரிந்தது. அது வலது பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தது. அழுத்தும், நிற்கும், மறுபடி அழுத்தும். கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிற மாதிரி. பிறகு அந்தக் கை எழுந்து திரையைத் தொட்டது.

"ஏம்மா, ஸ்க்ரீனத் தொடாதே! இது போன் இல்ல" என்று மேடம் தூரத்திலிருந்தே அதட்டினார். விரல் சுருங்கிக்கொண்டு வலது பொத்தானுக்கே திரும்பியது.

அது கலைப்பிரியா சொல்லிக் கொடுத்த பொத்தான். சொல்லலாம். பேசினால் இருவரையும் வெளியே அனுப்பிவிடுவார். சைகை? அதுவும் பேச்சுதான். இருப்பது ஒரே வழி. கையை உயர்த்த வேண்டும், மேடத்தைக் கூப்பிட வேண்டும், எல்லார் முன்னாலும் வாயைத் திறக்க வேண்டும். இந்த ஒரு கேள்வியை முடித்துவிட்டு என்று நினைத்தாள். முடித்தாள். இன்னும் ஒன்று. அதையும் முடித்தாள். இப்போது தன் மிஷின் ஓடுகிறதே, யாருக்கும் தெரியாது, கிரீடம் அப்படியே இருக்கிறது. முஸ்கானும் தானாகவே கண்டுபிடித்துக்கொள்வாள், என்னைப் போல. இப்படி நினைத்துக்கொண்டே மூன்றாவது கேள்விக்கு ஒரு தப்பான விடையைக் குத்தினாள்.

விரல் நின்றுவிட்டது. கை மேஜையிலிருந்து இறங்கிப்போய்விட்டது. தடுப்புக்கு அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

கலைப்பிரியாவின் கை மேலே போனது. அதைத் தூக்குவதற்கு ஓமந்தூர் மாட்டையெல்லாம் கட்டி இழுத்தாற்போல் இருந்தது.

"என்ன அரசி? சிஸ்டம் நின்னுடுச்சா?" மேடம் சிரித்துக்கொண்டே வந்தார்.

"இல்ல மேடம். எனக்கு..." எழுந்து நின்றாள். எதற்கு எழுந்தாள் என்று தெரியவில்லை. தப்பு செய்தால் எழுந்து நின்று பழக்கம். "எனக்கு மவுஸ் புடிக்கத் தெரியாது மேடம்."

"செண்டம்ல நீ?"

"தொட்டதே இல்ல மேடம். தெரிஞ்ச மாரி இந்தப் பொண்ணுக்குத் தப்பா சொல்லிக் குடுத்துட்டேன். பதில் குத்த வலது பொத்தான்னு சொல்லிட்டேன். அவ இம்மா நேரமா அத்தத்தான் அமுக்கிக்கினு இருக்கா."

பூமி பிளந்து தன்னை விழுங்கும் என்று கலைப்பிரியா கொஞ்ச நேரம் உண்மையாகவே காத்திருந்தாள். விழுப்புரத்துப் பூமிக்கு அந்த மாதிரிப் பழக்கமெல்லாம் இல்லை.

இளவரசி மேடம் சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. முஸ்கான் பக்கம் போய் மவுஸைப் பிடித்துக் காட்டினார். பிறகு நிமிர்ந்து, ஹால் முழுவதுக்கும் கேட்கும்படி சொன்னார். "எல்லாருக்கும்தான் சொல்றேன். இடது பொத்தான். இடது."

அப்போது ஒரு சத்தம் எழுந்தது. முதலில் அங்கொன்று இங்கொன்றாக. பிறகு மூலைக்கு மூலை. டக், டக், டக். களத்து மேட்டில் ஐம்பது பெண்கள் உட்கார்ந்து மல்லாட்டை உடைக்கிற சத்தம். இவ்வளவு நேரம் இத்தனை பேர் இந்த ஹாலில் வாயை மூடிக்கொண்டு என்ன செய்துகொண்டிருந்தார்கள்? மேடத்தின் வாய் திறந்தபடியே இருந்தது.

கலைப்பிரியாவுக்கு அதில் ஆறுதல் எதுவும் இல்லை. திரை மூலையில் கடிகாரம் யாருக்காகவும் நிற்கவில்லை. முஸ்கானுக்குப் போன நேரம் போனதுதான்.

முடிந்து வெளியே வரும்போது முஸ்கான் வேகமாக நடந்தாள். கலைப்பிரியா பின்னாலேயே ஓடினாள்.

"முடிச்சியா?"

"கடைசிப் பக்கத்தக் கண்ணாலயே பாக்கல." முஸ்கான் நின்றாள். கண் சிவந்திருந்தது. "நீ மொதல்லயே தெரியாதுன்னு சொல்லியிருந்தா நான் அப்பவே கையத் தூக்கியிருப்பேன்ல?"

கலைப்பிரியா தலையைக் குனிந்துகொண்டே அவளோடு வாசல்வரை நடந்தாள்.

வாசலில் வல்லரசும் அப்துல் மாலிக்கும் ஒரு வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்து, பூர்வஜென்மத்துப் பங்காளிகள் போல டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். "பாய், அடுத்த வாட்டி உங்க பாப்பாவுக்கும் பேனர் போடறோம், சிங்கம் என் செலவு" என்று வல்லரசு சொல்லிக்கொண்டிருந்தான்.

அப்துல் மாலிக் எழுந்து வந்தார். பையிலிருந்து பேரீச்சம்பழ டப்பா ஒன்றை எடுத்துக் கலைப்பிரியாவின் கையில் திணித்தார். "குவைத்துலருந்து கொண்டாந்தது. எம்பொண்ணுக்கு நீதான் தைரியம் குடுத்தம்மா. உள்ள போவும்போது சிரிச்சிக்கினே போனா, பாத்தேன். அல்லா உன்ன நல்லா வைக்கட்டும்."

கலைப்பிரியா முஸ்கானைப் பார்த்தாள். முஸ்கான் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சொல்லவும் இல்லை, மறைக்கவும் இல்லை. அதை உன்னிடமே விட்டுவிட்டேன் என்பது போல இருந்தது அந்த நிற்பு.

"தேங்க்ஸ் அங்கிள்" என்றாள் கலைப்பிரியா. டப்பாவை வாங்கிக்கொண்டாள். பைக்கில் ஏறிவிட்டாள்.

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் வரை மாமா பேசிக்கொண்டே வந்தான். மடியில் அந்த டப்பா. பேரீச்சம்பழம் என்று பேர். ஒவ்வொரு வேகத்தடைக்கும் அது ஒரு மணங்கு ஏறியது. விக்கிரவாண்டி டோல்கேட் தாண்டும்போது அரிசி மூட்டை. திண்டிவனம் எல்லைக்குள் நுழையும்போது ஆட்டுக்கல். மேம்பாலம் வந்தபோது அவள் துப்பட்டாவால் முகத்தைப் போர்த்தப் போனாள். கை பாதியில் நின்றது. முதல் தடவையாகக் கண்ணைத் திறந்து பார்த்தாள்.

கிரீடத்தோடு அவள் அவளையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, வண்டிய நிறுத்து."

"ஏன், செல்பி எடுக்கணுமா?"

"உன் போனக் குடு. அந்த பாய் நம்பர் வாங்கினல்ல?"

வாங்கியிருந்தான். 'குவைத் பாய் ஃப்ரண்ட்' என்று பதிந்தும் வைத்திருந்தான். கலைப்பிரியா பேனருக்குக் கீழே நின்று பேசினாள். பஸ் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டுமே என்று கத்திப் பேச வேண்டியிருந்தது. அதனால் அவள் வாழ்க்கையிலேயே வெட்கக்கேடான பேச்சைப் பழக்கடைக்காரர், ஷேர் ஆட்டோக்காரர்கள், செங்கல்பட்டு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் ஒரு எழுத்து விடாமல் கேட்டார்கள்.

"அங்கிள், நான் கலைப்பிரியா. உங்க பொண்ணுக்கு நான் தைரியம் குடுக்கல. தப்பா சொல்லிக் குடுத்துட்டேன். எனக்கு மவுஸப் பத்தி ஒன்னுமே தெரியாது. என்னாலதான் அவளுக்குக் கடைசிப் பக்கம் போச்சு. அந்தப் பழம் எனக்கு வேணாம் அங்கிள்."

மறுமுனையில் பஸ் இரைச்சல். பிறகு அப்துல் மாலிக்கின் குரல் மெதுவாக வந்தது. "பாப்பா பஸ் ஏறினதுலருந்து பேசவே இல்ல. இதானா? ...சரிம்மா. குடுத்தத நான் திருப்பி வாங்க மாட்டேன். துன்னு." அவர் கோபமாக இருந்தாரா இல்லையா என்று தெரியவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

போன் கை மாறுகிற சத்தம். "ஏ செண்டம்!" முஸ்கான்தான். "ஊருக்கே கேக்கற மாரி கத்தற? போன வச்சிட்டு வூடு போய்ச் சேரு."

போனைத் திருப்பிக் கொடுக்கும்போதுதான் மாமாவின் முகத்தைப் பார்த்தாள். வல்லரசு கறுப்புக் கண்ணாடியைக் கழற்றியிருந்தான். கண்ணாடி இல்லாத அவன் முகம் இத்தனை சின்னதாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

"ஒன்னுமே தெரியாதா?"

"ஒன்னுமே தெரியாது மாமா."

"செண்டம்?"

"மனப்பாடம்."

ஷேர் ஆட்டோக்காரர் ஒருத்தர் சிரித்துவிட்டார். வல்லரசு அவரை முறைத்தான். பிறகு பைக் பெட்டியிலிருந்து கத்தியை எடுத்தான், தூணில் தொற்றி ஏறினான், கயிற்றை அறுத்தான். பேனர் ஒரு பக்கம் சரிந்து, சிங்கம் தலைகீழாகத் தொங்கி, கடைசியில் மொத்தமும் கீழே விழுந்து அவனையே மூடிவிட்டது. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "பேஜாருடி உன்னோட. ஜல்தி வந்து ஒரு பக்கம் புடி."

ஓமந்தூரில் அது மல்லாட்டை காயப்போடப் போனது. பேனர் துணி மாதிரி அதற்கு வாகானது வேறு கிடையாது. களத்தில் படத்தைக் கவிழ்த்துப் போடும்படி கலைப்பிரியா கெஞ்சினாள். முருகையன் கேட்கவில்லை, படம் இருக்கிற பக்கம்தான் வழவழவென்றிருக்கிறதாம். அம்சாவுக்கு எல்லாம் சொல்லியாகிவிட்டது. சொன்ன பிறகும் அவள் மல்லாட்டையைத் துழாவி விடப் போகும்போது களத்து ஓரத்தில் செருப்பைக் கழற்றி விட்டுத்தான் உள்ளே காலை வைத்தாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் கலைப்பிரியாவுக்கு அந்தப் பூட்டிய லேப் ஞாபகம் வந்து, எழுந்து வீட்டுக்குள் போய்விடுவாள்.

ஜூலையில் ரிசல்ட் வந்தது. கலைப்பிரியாவுக்கு இயற்பியல் கிடைத்துவிட்டது. முஸ்கான் கேட்டிருந்ததும் இயற்பியல்தான். அவளுக்குக் கிடைத்தது புள்ளியியல். இரண்டு கட்டடமும் எதிரெதிரே. நடுவில் ஒரு கேன்டீன்.

அந்தக் கேன்டீனில் கூட்டம் முட்டி மோதுகிற நேரமாகப் பார்த்து, சமோசாத் தட்டோடு நின்றுகொண்டு, கடற்கரை வரைக்கும் கேட்கிற குரலில் முஸ்கான் கூப்பிடுவாள்: "ஏ செண்டம்!"

எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். அப்படி எதில் செண்டம் என்று புதிதாக வந்தவர்கள் கேட்பார்கள். முஸ்கான் சொல்ல மாட்டாள். "அவளையே கேளுங்க" என்று சமோசாவைக் கடிப்பாள். கலைப்பிரியாவின் காது சிவந்து கழுத்துவரை இறங்கும்.

கேட்டவர்களுக்கு அவள் முதலிலிருந்து சொல்வாள். சிங்கத்தை மட்டும் விட்டுவிடப் பார்ப்பாள். முஸ்கான் விடமாட்டாள்.